எத்தனை பேப்பர் என்று கேட்பதை விடுங்கள்: பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பல்கலைக்கழக மானியக் குழு,
புது தில்லி.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் நான். முனைவர் பட்ட ஆய்வேடு எந்தத் துறையில் எழுதப்பட்டாலும் சமர்ப்பிக்கும் முன் எங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும். பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறார்களா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு மென்பொருளில் ஏற்றுவது, சான்று கொடுப்பது, பட்டம் கிடைத்த பிறகு ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் சேர்ப்பது எல்லாம் எங்கள் வேலை. அதனால் வேதியியல் ஆய்வேட்டையும் கல்வெட்டு ஆய்வேட்டையும் கிராமப் பொருளாதார ஆய்வேட்டையும் ஒரே வாரத்தில் புரட்டுகிற வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. ஆசிரியர்களுக்கு அவரவர் துறை நன்றாகத் தெரியும். ஆனால் இத்தனை வேறுபட்ட வேலைகளையும் ஒரே அளவுகோலால் அளப்பதை நூலகத்தில் இருந்து பார்க்கும்போதுதான் அதன் கேடு முழுசாகத் தெரிகிறது. அந்த அளவுகோலை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2018 ஜூலையில் நீங்கள் வெளியிட்ட ஆசிரியர் நியமன நெறிமுறையின் பின்னிணைப்பில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று இருக்கிறது. எங்கள் வளாகத்தில் அதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் பலர். ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் அறிவியல், பொறியியல், மருத்துவம், வேளாண்மைக்காரர்களுக்கு 8 மதிப்பெண். மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு 10. பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிட்ட நூல் என்றால் 12, இந்தியப் பதிப்பகம் என்றால் 10. ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8. அப்புறம் கட்டுரை மதிப்பெண்ணோடு சேரும் இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கு. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண் அது: அது இல்லாத இதழில் வந்த கட்டுரைக்கு 5 புள்ளி, அது 10க்கு மேல் உள்ள இதழ் என்றால் 30 புள்ளி.

இந்த அட்டவணைப்படி, தமிழ்த் துறையில் ஒருவர் பல ஆண்டு உழைத்து எழுதிய நானூறு பக்க நூலுக்கும், இன்னொருவர் ஒரு மாதத்தில் எழுதிய ஆறு பக்கக் கட்டுரைக்கும் ஒரே அடிப்படை மதிப்பெண். மொழிபெயர்ப்பாளரின் முழு நூல் அந்தக் கட்டுரைக்கும் கீழே போய்விடுகிறது. அட்டவணையை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இளைய ஆசிரியர் ஒருவர் இதைப் படித்துவிட்டு நூல் எழுத உட்காருவாரா, நான்கு கட்டுரை எழுத உட்காருவாரா? பதிலை நான் ஒவ்வொரு கல்வியாண்டும் மேசையில் பார்க்கிறேன்.

வரலாற்றுத் துறை ஆய்வாளர் ஒருவர் கோயிலில் மைப்படி எடுப்பதைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் கல்லில் படிந்திருக்கும் எண்ணெயையும் சுண்ணாம்பையும் தேய்த்துக் கழுவ வேண்டும். எழுத்துப் பள்ளத்தில் அடைந்திருக்கும் மண்ணைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்பதால் அதைக் கையால்தான் மெல்ல எடுக்கிறார்கள். பிறகு தாளை நனைத்துக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷால் அடித்து அடித்து ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் இறக்குகிறார்கள். தாள் அரை ஈரமாக இருக்கும்போது மைப்பொதியால் ஒற்ற வேண்டும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் தாள் கிழிந்துவிடும், மறுபடி முதலில் இருந்து. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது கல்வெட்டின் படி மட்டும்தான். வாசிப்பது அதற்கு அப்புறம். சிதைந்த இடத்தில் இருப்பது இன்ன எழுத்தா இல்லையா என்று மூன்று பேர் உட்கார்ந்து வாதம் செய்ததைப் பார்த்தேன். அன்று பொழுது சாய்ந்தபோது அவர்கள் கையில் இருந்தது ஒரு துண்டுக் கல்வெட்டின் ஏழெட்டு வரிகள். அந்த வேலைக்கு உங்கள் அட்டவணையில் ஒரு கட்டமும் கிடையாது. அதை வைத்து எழுதும் கட்டுரைக்குத்தான் மதிப்பெண். அதையும் தமிழில் எழுதி, தமிழ் இதழில் போட்டால், இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழ் என்று கடைசி வரிசை.

ஐராவதம் மகாதேவன் இந்தத் துறையில் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. புகழூர்ச் சேரர் கல்வெட்டை அவர் வாசித்தது 1960களின் நடுவில். 1966இல் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளின் முதல் தொகுப்பை வெளியிட்டார். இடையில் சிந்துவெளி எழுத்துகளுக்கான சொல்லடைவை உருவாக்கினார். அது 1977இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. 1990களில் மறுபடியும் குன்றுகளில் ஏறி, பழைய வாசிப்புகளைக் கல்லோடு வைத்துச் சரிபார்த்துத் திருத்தினார். பழந்தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய அவருடைய பெருநூல் வந்தது 2003இல். முதல் தொகுப்புக்கும் அந்த நூலுக்கும் நடுவே 37 ஆண்டுகள். பல்கலைக்கழகத்துக்குள் உதவிப் பேராசிரியராக இருக்கும் ஒருவர் இன்று அப்படி ஒரு வேலையைத் தொடங்க முடியுமா? தொடங்கினால் பேராசிரியர் பதவிக்கு நீங்கள் கேட்கும் குறைந்தது 10 வெளியீடுகளை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? பழைய வாசிப்பைத் திருத்துவதற்கு அட்டவணையில் என்ன இடம் இருக்கிறது?

நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் மதுரையில் இருந்து வெளியிட்டார்கள். கணினியைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான பெயர்களை வரிசைப்படுத்திய வேலை. படிக்கச் சுவையான நூல் இல்லை, பெயர்ப் பட்டியல். ஆனால் சோழர் காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது, அதிகாரி என்று யாரைச் சொன்னார்கள் என்று பேச வருகிற எவரும் அதைத் தொடாமல் போக முடியாது. இப்படிப்பட்ட கருவி நூல்களின் தோளில்தான் மற்றவர்களின் கட்டுரைகள் நிற்கின்றன.

சமூக அறிவியலுக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916இல் தம் மாணவர்களிடம், விடுமுறையில் உங்கள் ஊருக்குப் போய் ஊரைப் பற்றி விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். இருவேல்பட்டு, வடமலைப்புரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்று ஊர் ஊராக எழுதிவந்தார்கள். 1918இல் அது நூலாக வந்தது. 1930களின் பின்பகுதியில் தாமஸும் இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார், 1980களின் தொடக்கத்தில் குகனும் ஜோன் மென்சரும் போனார்கள், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். நிலம் யார் பெயரில் இருந்து யார் பெயருக்குப் போனது, பண்ணையை நம்பி இருந்த கூலிக் குடும்பங்கள் எப்படி அந்தப் பிடியில் இருந்து விலகின, வயலுக்கு வெளியே வேலை எப்போது வந்தது என்பதை ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு, பார்க்க முடிகிறது. உலகத்தில் எத்தனை ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

1916இல் எழுதிய மாணவர்களுக்கு அது பிற்காலத்தில் இப்படிப் பயன்படும் என்று தெரிந்திருக்காது. தங்கள் ஊரில் எத்தனை ஏர், எத்தனை மாடு, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று கேட்டு நேர்மையாக எழுதிவைத்தார்கள். எழுதியது அழியாமல் இருந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு இல்லையென்றால் பின்னால் வந்தவர்கள் ஒப்பிட ஒன்றும் இருந்திருக்காது.

இன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் கிராம ஆய்வு செய்யும் மாணவிகள் இருக்கிறார்கள். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில்தான் விசாரிக்க முடியும் என்பதால், ஏழு மணிக்கு மேல் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து வினாநிரல் நிரப்பி, கடைசிப் பேருந்தைப் பிடித்து வருகிறார்கள். ரேஷன் கார்டு இருக்கிறதா, நூறு நாள் வேலையில் எத்தனை நாள் கிடைத்தது, மகளிர் குழுக் கடன் போக நகைக்கடன் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக நிரப்பிய தாள்கள். ஓரத்தில் பென்சிலால் குறிப்புகள்: "மூத்த மகன் திருப்பூரில், பணம் அனுப்புவதில்லை." ஆய்வேட்டில் இவை எல்லாம் அட்டவணைகளாக, விழுக்காடுகளாகச் சுருங்கிவிடும். பட்டம் வாங்கிய பிறகு அந்தக் கட்டுகளை என்ன செய்வது என்று கேட்டு நூலகத்துக்கு வருகிறார்கள். எங்களிடம் வாங்கி வைக்க விதியும் இல்லை, இடமும் இல்லை. விடுதி அறையைக் காலி செய்கிற நாளில் பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. இன்னும் ஐம்பது வருடம் கழித்து அதே ஊருக்குப் போகப்போகிற ஆய்வாளருக்கு நாம் செய்கிற துரோகம் இது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அறிவியல் துறைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். மேகம் மறைக்காத நாளெல்லாம் படம். 1909இல் அங்கே ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்தார். அந்த நிகழ்வுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் அதைவிடப் பெரிய சொத்து, பெயர் தெரியாத உதவியாளர்கள் ஆண்டுக்கணக்காக எடுத்து, எண் போட்டு, பெட்டியில் அடுக்கிய கண்ணாடித் தட்டுகள். சூரியப் புள்ளிகள் ஒருமுறை கூடிக் குறைய ஏறக்குறைய 11 ஆண்டு ஆகும். உங்கள் 2022 நெறிமுறைப்படி ஒரு முனைவர் பட்டத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 6 ஆண்டு. ஒரு ஆய்வாளரின் காலத்தில் ஒரு சுழற்சியையே முழுதாகப் பார்த்துவிட முடியாது. பத்துச் சுழற்சிகளுக்குத் தரவு வேண்டும் என்றால் முன்னால் இருந்தவர்கள் விடாமல் எடுத்துவைத்திருக்க வேண்டும். எடுத்துவைத்தார்கள். அந்தத் தட்டுகளை எண்ணிமமாக்கி இன்றைய வானியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

கல்வெட்டு, கிராமம், சூரியன் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள். மூன்றிலும் நிலைத்து நின்றது தரவும் பதிப்பும் தொகுப்பும்தான். இவற்றுக்கு உங்கள் அட்டவணையில் தனியாக ஓர் இடம் இல்லை.

அட்டவணையில் இருப்பதற்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரங்களை மாணவர்கள் எனக்குக் காட்டுவார்கள். மூன்று நாளில் வெளியீடு, கட்டணம் இவ்வளவு, சான்றிதழ் இலவசம், எல்லாத் துறையும் ஏற்கப்படும். தாவரவியலும் வணிகவியலும் சங்க இலக்கியமும் ஒரே இதழில், ஒரே மாதத்தில். மதிப்பீட்டாளர் கருத்து என்று ஒரு வரிகூட வராது. பணம் போனதும் கட்டுரை வந்துவிடும். இது சரியில்லை என்று நான் சொல்வேன். "தெரியும் சார், ஆனா வைவாவுக்கு முன்னாடி வேணும்" என்பார்கள். வைவா என்பது பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மாதம் 37,000 ரூபாய் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை வாங்குபவர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். உதவித்தொகை எதுவும் இல்லாமல், தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஆய்வு செய்பவர் அந்தக் கட்டணத்துக்கு வீட்டுச் செலவில் கை வைக்கிறார். ஏமாறுகிறோம் என்று தெரிந்தே பணம் கட்டுகிற நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்?

நீங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியல் போட்டீர்கள். 2018 மே மாதத்தில் அதில் இருந்து 4,305 இதழ்களை நீக்கினீர்கள். பிறகு அதற்குப் பதிலாகக் கேர் (CARE) என்ற இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, இதழ்களின் தரத்தை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சில அளவைகளைக் கொடுத்தீர்கள். பட்டியலை நிறுத்தியது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். பட்டியல் இருக்கும்வரை பட்டியலுக்குள் நுழைவதற்கான போலிகளும் இருப்பார்கள். அதே பெயரில் போலி இணையதளம் நடத்தி அசல் இதழின் பெயரில் பணம் வாங்கிய கதைகள் எங்களுக்குத் தெரியும். ஆனால் பட்டியல் போன பிறகு, நிறுவனங்கள் படித்துப் பார்த்துத் தரம் சொல்லத் தொடங்கவில்லை. ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு மேற்கோள் தரவுத்தளத்தில் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் சுலபம் என்று அங்கே போய் நின்றுவிட்டன. கேர் பட்டியலில் இடம் பெற்றிருந்த நல்ல தமிழ் இதழ்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடிமானமும் போனது.

அதேபோல 2016 நெறிமுறையில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2022 நவம்பரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டீர்கள். நன்றி. ஆனால் தங்கள் சொந்த விதிகளில் அதை அப்படியே வைத்திருக்கிற பல்கலைக்கழகங்கள் இன்னும் இருக்கின்றன. சில இடங்களில் ஒன்று இரண்டாகி இருக்கிறது. காரணம் எளிது. பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தும் என்ஐஆர்எஃப் ஆய்வுக்கு 30 விழுக்காடு எடை கொடுக்கிறது. வெளியீடுகளையும் மேற்கோள்களையும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களில் இருந்து எண்ணுகிறது. துணைவேந்தருக்கு அந்த எண் வேண்டும், அவர் துறைத்தலைவரைக் கேட்கிறார், துறைத்தலைவர் நெறியாளரைக் கேட்கிறார், கடைசியில் மாணவர் தலையில் விடிகிறது. தரவரிசை உங்கள் நேரடிப் பொறுப்பு இல்லை, கல்வி அமைச்சகத்தின் பொறுப்பு என்று தெரியும். ஆனால் நீங்கள் ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கை திரும்ப வைக்கும்போது, அதைப் பேச வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

கூட்டாக எழுதும் கட்டுரைகளுக்கான விதியும் ஒரு வினோதம். இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. அதற்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலைக்கு 30. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வந்த இயற்பியல் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்கள்தான். தனியாக ஏட்டுச்சுவடி படிக்கும் ஒருவரையும் அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் ஒரே சூத்திரத்தில் போடுவது அந்த இருவருக்குமே நியாயம் இல்லை. சோதனைக்கூடங்களில் கருவியைக் கையாண்டவர் பெயர் விடுபடுவதும், எட்டிப் பார்க்காதவர் பெயர் முதலில் வருவதும் இந்த 70, 30 கணக்கில் இருந்து கிளம்புகிற சண்டைகள்.

எண் வேண்டாம் என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எண் வருவதற்கு முன் நம் தேர்வுக் குழுக்கள் எப்படி நடந்தன என்பது பலருக்கு நினைவிருக்கும். யாருடைய மாணவர், எந்த ஊர், எந்தச் சாதி, யார் சொல்லி அனுப்பினார் என்பதுதான் பல இடங்களில் தீர்மானித்தது. முதல் தலைமுறையில் படித்து வந்த ஒருவருக்கு, "என்னிடம் இத்தனை மதிப்பெண் இருக்கிறது, எப்படி மறுக்கிறாய்?" என்று கேட்க அந்த எண்தான் துணை. அதைப் பிடுங்கிவிட்டு, பெரியவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது இன்னும் மோசமாகப் போகும்.

நான் கேட்பது வேறு. விண்ணப்பிப்பவர் தம் வேலைகளில் சிறந்தவை என்று தாமே கருதும் மூன்றை மட்டும் கொடுக்கட்டும். கட்டுரையாக இருக்கலாம், நூலாக, பதிப்பாக, மொழிபெயர்ப்பாக, தரவுத் தொகுப்பாக, மென்பொருளாக இருக்கலாம். எந்த மொழியிலும் இருக்கலாம். அந்தந்தத் துறையில் இருந்து, வேறு மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூன்று பேர் அவற்றைப் படித்து, பெயர் போட்டு, இரண்டு பக்கம் எழுதட்டும். அந்த மதிப்பீட்டை விண்ணப்பித்தவருக்குக் கொடுங்கள், தேர்வு முடிந்ததும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். படிக்காமல் எழுதியவர் யார், ஆள் பார்த்து எழுதியவர் யார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். இட ஒதுக்கீடும் அடிப்படைத் தகுதியும் இன்று இருப்பது போலவே இருக்கட்டும். மதிப்பீட்டாளர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். படிப்பதற்கு நேரம் ஆகும்தான். முப்பது வருடம் பாடம் நடத்தப்போகிற ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் படிப்பது அதிகமில்லை.

இம்பாக்ட் ஃபேக்டரை ஆளை எடைபோடப் பயன்படுத்தாதீர்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் கலைத் துறைக்காரர்கள் அல்ல. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உயிரணு உயிரியலாளர்கள் கூட்டத்தில் உருவான பிரகடனம் அதைத்தான் சொல்கிறது. அந்த எண்ணை உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்டின் வேலையே இதழ்களைப் பற்றியது, எந்த இதழை வாங்குவது என்று பார்க்கும் எங்களைப் போன்ற நூலகர்களுக்குப் பயன்பட்டது. ஓர் இதழில் வரும் கட்டுரைகளில் சில மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும், பல கண்டுகொள்ளப்படாது. சராசரியை வைத்து ஒரு தனிக் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது புள்ளியியல்படியே தவறு.

பணத்தைப் பற்றியும் ஒன்று. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு நிறுவனங்களுக்குத் திறந்தன. நூலகராக நான் இதை மனதார வரவேற்கிறேன். சிறிய ஊர் அரசுக் கல்லூரி மாணவி, முன்பு கட்டுரைக்குக் கட்டுரை யாரிடமாவது கெஞ்சிக்கொண்டிருந்தவர், இன்று உட்கார்ந்த இடத்தில் படிக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் இந்திய மொழி ஆய்விதழ்களுக்கு வழி இல்லை. அவற்றை நடத்துபவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சொந்தக் காசில் அச்சிட்டு, தபால் செலவுக்குச் சந்தா கேட்டுக் கடிதம் எழுதுகிறவர்கள். அவர்கள் அனுப்பும் இதழ்க் கட்டு எங்கள் வரவேட்டில் பதியப்படுகிறது, எந்தத் தரவுத்தளத்திலும் பதிவதில்லை. 6,000 கோடியில் நூறில் ஒரு பங்கு 60 கோடி. அந்த அளவுப் பணத்தை இந்திய மொழி இதழ்களின் மதிப்பீட்டுச் செலவுக்கும், பழைய இதழ்களை எண்ணிமமாக்கவும், மேற்கோள் அட்டவணை ஒன்றை நம் மொழிகளுக்காக உருவாக்கவும் ஒதுக்கச் சொல்லி அமைச்சகத்திடம் நீங்கள் கேட்கலாம். அத்திட்டத்தை நடத்தும் இன்ஃபிளிப்நெட் உங்கள் மையம்தானே.

2025 ஜனவரியில் நீங்கள் வெளியிட்ட வரைவு நெறிமுறையில் மதிப்பெண் அட்டவணைக்குப் பதிலாக ஒன்பது வகைப் பங்களிப்புகளைச் சொல்லி, நான்கிலாவது தேர்ந்திருக்க வேண்டும் என்றிருந்தது. துணைவேந்தர் நியமனம் பற்றிய பகுதியில் அந்த வரைவை எதிர்த்து எங்கள் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, அதில் என் கருத்தும் அதுவே. ஆனால் மதிப்பெண் அட்டவணையைக் கைவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நல்லது. அந்த ஒன்பதில் இணையவழிப் பாடம் தயாரிப்பதற்கு இடம் இருக்கிறது, புத்தொழில் தொடங்குவதற்கு இடம் இருக்கிறது. ஆய்வுப் பதிப்புக்கும் தரவுத் தொகுப்புக்கும் பெயர் சொல்லி ஓர் இடம் கொடுங்கள்.

எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். நெறிமுறை திருத்த அறிவிக்கை வேண்டும், மாநிலங்களைக் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றை இந்த ஆண்டே செய்யலாம். சோத்கங்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. உலகில் எங்கிருந்தும் யாரும் படிக்கலாம். அதை உருவாக்கியதற்கு இந்திய ஆய்வாளர்கள் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆய்வேட்டோடும் அதன் தரவையும் சேர்த்து வைக்க அதில் ஒரு பகுதி திறந்துவிடுங்கள். வினாநிரல்கள், மைப்படிப் படங்கள், சோதனை அளவீடுகள், நேர்காணல் ஒலிப்பதிவுகள் எல்லாம் அங்கே வரட்டும். பதில் சொன்ன மக்களின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் நீக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று விதி போடுங்கள். ஆய்வாளர் கேட்டால் சில ஆண்டுகள் பூட்டி வைக்கவும் வசதி கொடுங்கள். தரவு சேர்த்தவருக்கு நிலையான ஓர் எண் கொடுத்தால், பின்னால் பயன்படுத்துபவர்கள் அவர் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டலாம். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை, பல்கலைக்கழகங்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் இன்ஃபிளிப்நெட்டுக்குக் கொஞ்சம் சேமிப்பிடமும் போதும். தாள்களை ஸ்கேன் செய்யும் கருவி எங்களிடம் இருக்கிறது. சுற்றறிக்கை வருமுன்பே, கிராம ஆய்வு முடித்த மாணவிகளிடம் கட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம், எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு பல்கலைக்கழக நூலகர்,
தமிழ்நாடு.